‘இந்தப் பிள்ளைகளுக்கு ஏறாது’: தோட்டப் பள்ளிக்கூடமும் ஆசிரியரின் நம்பிக்கையும்

“எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏறாது.”

மலையகத்தில் படித்த யாருக்கும் இந்த வாக்கியம் புதிதில்லை. ஆசிரியர் அறையிலும் சொல்வார்கள், பெற்றோர் கூட்டத்திலும் சொல்வார்கள், மழைக்கு ஒதுங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் கெட்ட மனுசர் இல்லை. விடிய முதல் எழும்பி, இரண்டு பஸ் மாறி, கடைசித் தூரத்தை நடந்து மலை ஏறி வந்து படிப்பிக்கிறவராகக்கூட இருப்பார். ஆனாலும் அவர் வாயில் இந்த வாக்கியம் வருகிறது.

மேலோட்டமாகக் கேட்டால் இது பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடு. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், “என்னால் இவர்களைப் படிப்பிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை” என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதாகவும் கேட்கும். அந்த நம்பிக்கை எங்கே போனது? சிலருக்கு அது முதலிலேயே ஏன் கொடுக்கப்படவில்லை?

இந்தக் கேள்வியைத் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றுக்குள் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். எங்களுடைய வாதம் எளிமையானது. ஆசிரியரின் தன்னம்பிக்கையை அவருடைய பிறவிக் குணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கட்டிடம், அதிபர், பக்கத்து வகுப்பு ஆசிரியர், சம்பளம், பதவிப் பெயர், ஊர் அவரைக் கூப்பிடும் விதம் என்று பல கைகள் சேர்ந்துதான் அதைக் கட்டுகின்றன. அதே கைகள் அதை உடைக்கவும் செய்யும். மலையகத்தில் நீண்ட காலமாக உடைக்கும் கைகளே அதிகமாக இருந்தன.

இரண்டு கூற்றுகளும் நான்கு ஊற்றுகளும்

வரலாற்றுக்குள் போக முதல், இந்த நம்பிக்கை பற்றி ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

1976இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஓர் ஆய்வு செய்தது. சிறுபான்மையினப் பிள்ளைகள் அதிகம் படித்த ஆரம்பப் பாடசாலைகளில் வாசிப்பு எங்கே முன்னேறுகிறது, ஏன் முன்னேறுகிறது என்பதுதான் கேள்வி. ஆசிரியர்களுக்குக் கொடுத்த வினாக்கொத்தில் இரண்டு கூற்றுகளைச் சேர்த்திருந்தார்கள். ஒன்று, பிள்ளையின் படிப்பை வீட்டுச் சூழல்தான் தீர்மானிக்கிறது, ஆசிரியரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்ற கருத்து. மற்றது, நான் உண்மையாக முயன்றால் மிகக் கடினமான பிள்ளைக்கும் படிப்பிக்க முடியும் என்ற கருத்து. ஆசிரியர்கள் இவற்றை எவ்வளவு ஏற்றார்கள், எவ்வளவு மறுத்தார்கள் என்பதற்கும் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றத்துக்கும் வலுவான தொடர்பு இருந்தது. முதலாவது கூற்றைப் பாருங்கள். நம்ம ‘ஏறாது’ வாக்கியத்தின் அண்ணன் மாதிரி இருக்கிறது.

அடுத்த வருடம், 1977இல், உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா ‘தன்னாற்றல் நம்பிக்கை’ என்ற கருத்தை முன்வைத்தார். குறிப்பிட்ட ஒரு வேலையை என்னால் செய்து முடிக்க முடியும் என்று ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் அது. அந்த எண்ணம் நான்கு ஊற்றுகளில் இருந்து வருகிறது என்றார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் முதலாவது. இதுதான் மிக வலியது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து காட்டுவதைப் பார்ப்பது இரண்டாவது. நம்பத்தகுந்தவர்கள் “உன்னால் முடியும்” என்று சொல்வது மூன்றாவது. அந்த வேலையைச் செய்யும்போது உடலும் மனமும் இருக்கும் நிலை, அதாவது பயமா, களைப்பா, நிம்மதியா என்பது நான்காவது.

இந்த நான்கில் எதுவும் ஆசிரியரின் தலைக்குள் தானாக ஊறுவதில்லை. நான்கும் அவர் வேலை செய்யும் இடத்தின் வழியாகத்தான் வரவேண்டும். இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம்.

துரையின் வாத்தியார்

கோப்பித் தோட்டங்களின் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்பது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த விடயம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் சில தோட்டங்களில் பள்ளிக்கூடங்கள் நடத்தின. இன்னும் சில இடங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், லயத்து வாசலிலோ மரத்தடியிலோ, வேலை முடிந்த பிறகு பிள்ளைகளைக் கூட்டி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கங்காணியின் சொந்தக்காரராகவோ கங்காணி தயவில் வாழ்பவராகவோ அவர் இருப்பது வழக்கம்.

சட்டம் பிறகுதான் வந்தது. 1907ஆம் ஆண்டு கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகப் பேசியது. 1920ஆம் ஆண்டு கல்விக் கட்டளைச் சட்டம் அதை இன்னும் உறுதியாக்கியது. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுப்பதும் அதற்கு இடமும் ஆசிரியரும் ஏற்பாடு செய்வதும் தோட்டத் துரையின் கடமை என்று ஆனது. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் அரசு நன்கொடை கிடைக்கும்.

காகிதத்தில் இது முன்னேற்றம்தான். ஆனால் ஆசிரியரின் பக்கம் நின்று பாருங்கள். அவருக்கு வேலை கொடுப்பவர் துரை. சம்பளம் தோட்டத்துக் கணக்கில் இருந்து. குடியிருப்பதும் தோட்டத்து வீட்டில். பல இடங்களில் படிப்பிப்பது மட்டுமே அவருடைய வேலையாக இருக்கவில்லை; தோட்டத்தின் வேறு வேலைகளும் தலையில் விழுந்தன. பிள்ளைக்குப் பத்து வயதானால் கொழுந்துக் கூடையோ களைவெட்டோ காத்திருக்கிறது. தொழிலாளியின் பிள்ளை படித்துப் பெரிய ஆளாவது தோட்டத்துக்கு லாபமில்லை என்று எண்ணிய ஒரு நிர்வாகத்தின் கீழ், அந்தப் பிள்ளையைப் படிப்பிக்கச் சொல்லி ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

இங்கே பண்டூராவின் முதலாவது ஊற்றை நினைத்துப் பாருங்கள். தான் படிப்பித்த பிள்ளை மேலே போவதைப் பார்ப்பதுதான் ஒரு ஆசிரியருக்குப் பெரிய வெற்றி. தோட்ட வாத்தியார் அதைப் பார்க்கவே முடியாதபடி அந்த அமைப்பு இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இல்லை. பக்கத்து நகரத்து ஆங்கிலப் பாடசாலைக்குக் காசு கட்ட வேண்டும். அதனால் அவர் எவ்வளவு நன்றாகப் படிப்பித்தாலும் பலன் மலையில்தான் போய் முடிந்தது. நல்ல ஆசிரியரும் மோசமான ஆசிரியரும் ஒரே மாதிரியான முடிவைத்தான் கண்டார்கள். பத்து வருடம் இப்படிப் பார்த்தவர் “ஏறாது” என்று சொல்ல ஆரம்பித்தால் அவரைக் குற்றம் சொல்வது கஷ்டம்.

கூப்பிடும் விதமும் இருக்கிறது. தோட்டத்தில் மரியாதைக்கு ஓர் ஏணி உண்டு. மேலே துரை, பிறகு சின்னத்துரை, பெரிய கிளாக்கர், டீமேக்கர், கணக்கப்பிள்ளை என்று அது இறங்கும். இந்த ஏணியில் வாத்தியாருக்கு என்று நிலையான படி ஒன்றும் இல்லை. தோட்டத்து ஆளும் இல்லை, அரசாங்கத்து ஆளும் இல்லை.

இலவசக் கல்வி வந்தபோது வெளியே நின்றவர்கள்

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டின் கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. அங்கே படிப்பித்த ஆசிரியர்கள் தங்கள் மாணவர் பல்கலைக்கழகம் போவதைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். ஒரு தலைமுறை ஆசிரியர்களுக்கு “எங்களால் முடியும்” என்ற நம்பிக்கையை அந்தக் காலம் கொடுத்தது.

தோட்டப் பள்ளிக்கூடங்கள் அந்த ஓட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. 1947ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை அரசு பொறுப்பேற்க ஒரு வழி திறந்தாலும், பெருமளவில் அது நடக்கவில்லை. அடுத்த வருடமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையக மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள்.

குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது வாக்குரிமையைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். ஆசிரியர் தொழிலுக்கு அது என்ன செய்தது என்று குறைவாகத்தான் பேசுகிறோம். குடியுரிமை இல்லாத ஒரு லயத்துப் பிள்ளை எவ்வளவு படித்தாலும் அரச ஆசிரியர் சேவை அவருக்குக் கனவுதான். ஆகவே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தோட்டச் சம்பளத்துக்கு நிற்க வேண்டும், அல்லது வேறு தொழில் தேட வேண்டும். “நம்ம ஆள் ஒருத்தர் டீச்சரா இருக்கிறாரு” என்று பார்க்கும் வாய்ப்பையே, அதாவது இரண்டாவது ஊற்றையே, சட்டம் அடைத்தது.

1960, 1961 ஆண்டுகளில் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. நாட்டின் கல்வி வரலாற்றில் பெரிய திருப்பம். அப்போதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்டத்தோடேயே இருந்தன. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது எந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் இருக்கும், எந்தப் பிள்ளை குடும்பத்தோடு மண்டபம் முகாமுக்குக் கப்பல் ஏறும் என்பது ஆசிரியருக்கே தெரியாத நிலை.

ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு

அந்தக் காலத் தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஒரே மண்டபம். தடுப்புச் சுவர் இல்லை. முதலாம் வகுப்பில் இருந்து ஐந்தாம் வகுப்பு வரை அதே மண்டபத்தில். பல பள்ளிக்கூடங்களில் ஆசிரியரும் ஒருவர்தான்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் ஐந்து மணித்தியாலம் படிப்பு என்று வைத்தால், ஒரு வகுப்புக்கு ஆசிரியரின் நேரம் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தமிழ், கணக்கு, சுற்றாடல், சமயம் எல்லாம் வரவேண்டும். மிச்ச நான்கு மணித்தியாலமும் அந்த வகுப்புப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டோ சத்தம் போட்டுக்கொண்டோ இருப்பார்கள். இந்த அமைப்பில் எந்த ஆசிரியரும் பிள்ளை ஒன்று தன் கண் முன்னே கற்றுக்கொள்வதைத் தொடர்ச்சியாகப் பார்க்க மாட்டார். அடக்குவதுதான் வேலையாகிவிடும். மாலையில் வீட்டுக்குப் போகும்போது “இன்றைக்கு என்ன படிப்பித்தேன்?” என்று கேட்டால் பதில் இருக்காது.

அமெரிக்க சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதிய நூலில், ஆசிரியர்கள் முட்டைப் பெட்டியில் அடுக்கிய முட்டைகள் போலத் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கிறார்கள், ஒருவர் படிப்பிப்பதை மற்றவர் பார்ப்பதே இல்லை என்று கவலைப்பட்டார். நம்ம தோட்டப் பள்ளிக்கூடத்தில் அறைகளே இல்லை, ஆனாலும் ஆசிரியர் தனியாள்தான். பார்த்துப் பழக ஒரு மூத்த ஆசிரியர் இல்லை. “நேற்று நீங்க பின்னம் படிப்பிச்ச விதம் நல்லா இருந்திச்சு” என்று சொல்ல ஒரு சக ஆசிரியர் இல்லை. நான்கு ஊற்றில் மூன்று அங்கே வறண்டு கிடந்தன. நான்காவதாக மிஞ்சியது களைப்பு.

ஹட்டனில் இருந்து ஒரு மறு உதாரணம்

இதே காலத்தில், இதே மலையகத்தில், வேறு மாதிரியான ஒரு சூழலும் இருந்தது. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியைப் பற்றி மலையக எழுத்தாளர்கள் பலர் நன்றியோடு பேசுவதை வாசித்திருப்பீர்கள். இர. சிவலிங்கம் அங்கே ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தார். சிறுகதை எழுத்தாளர் திருச்செந்தூரனும் அங்கே படிப்பித்தார். 1960களில் மலையக இளைஞர்களிடையே எழுந்த விழிப்புக்கும் மலையக இளைஞர் சங்கத்துக்கும் சிவலிங்கத்தின் பங்கு பெரியது.

இந்த வரலாற்றைப் பொதுவாக ஒரு பெரிய மனிதரின் கதையாகச் சொல்வோம். அவர் பெரிய மனிதர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூழல் என்ற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் இன்னும் சில விடயங்கள் தெரியும். அங்கே வகுப்பறைகள் தனித்தனியாக இருந்தன. ஆசிரியர்கள் ஒருவருக்கு ஒருவர் துணையாக, இலக்கியமும் அரசியலும் பேசும் கூட்டமாக இருந்தார்கள். மேல் வகுப்புகள் இருந்ததால் தாங்கள் படிப்பித்ததன் பலனை ஆசிரியர்கள் கண்ணால் பார்க்க முடிந்தது. முக்கியமாக, அதிபர் தோட்டத் துரைக்குக் கீழ்ப்பட்டவர் இல்லை.

அந்தக் கடைசி விடயத்தை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993இல் வெய்ன் ஹோய், அனிதா வூல்ஃபோக் என்ற இரு ஆய்வாளர்கள் பாடசாலைச் சூழலுக்கும் ஆசிரியரின் நம்பிக்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். தன்னால் படிப்பிக்க முடியும் என்ற ஆசிரியரின் நம்பிக்கையோடு இரண்டு விடயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, படிப்புக்கு அந்தப் பாடசாலை கொடுக்கும் முக்கியத்துவம். மற்றது, அதிபருக்கு மேலதிகாரிகளிடம் இருக்கும் செல்வாக்கு. அதாவது தன் ஆசிரியர்களுக்குத் தேவையானதை மேலே பேசிப் பெற்றுக்கொடுக்கக்கூடிய அதிபரின் கீழ் வேலை செய்யும் ஆசிரியருக்கு நம்பிக்கை கூடுதலாக இருந்தது. துரையிடம் ஒரு பெட்டி சோக் கட்டி கேட்கவே தயங்கிய தோட்டத் தலைமை ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஹட்டனில் இருந்த அதிபருக்கும் உள்ள வித்தியாசத்தைக் குணத்தில் மட்டும் தேடுவது நியாயமா?

1977க்குப் பிறகு

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாகின. பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்பது 1977இல் பெருமளவில் ஆரம்பித்துச் சில வருடங்களில் முடிந்தது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வந்து மூன்று தசாப்தத்துக்கும் மேலான பிறகு.

பெயர்ப் பலகை மாறியது. ஆனால் மண்டபம் ஒரே நாளில் மாறவில்லை. வடக்கு கிழக்கில் இருந்து ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் அர்ப்பணிப்போடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். மலையகத்தின் பல மூத்தவர்கள் அவர்களை இன்றைக்கும் நன்றியோடு சொல்வார்கள். அதே நேரம், தங்க இடமில்லாமல், ஊர்ப் பழக்கம் தெரியாமல், முதல் நாளில் இருந்தே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதியவர்களும் இருந்தார்கள். 1977, 1983 வன்செயல்களை மலையகம் நேரடியாகக் கண்டது. அந்தப் பயத்தோடு, குடும்பத்தை எங்கோ விட்டுவிட்டு, ஒரு லயத்துப் பக்கத்தில் தனியாக இருந்து படிப்பிக்கிறவரின் மனநிலைதான் பண்டூரா சொன்ன நான்காவது ஊற்று. அடுத்த வருடம் இருக்கப்போவதில்லை என்று நினைக்கிறவர் இந்த வருடத்துப் பிள்ளையில் எவ்வளவு நம்பிக்கை வைப்பார்?

1980களில் திசை கொஞ்சம் மாறியது. தோட்டச் சமூகத்தில் இருந்தே இளைஞர் யுவதிகளை ஆசிரியர்களாக எடுக்க ஆரம்பித்தார்கள். ஸ்வீடன் நாட்டின் சீடா உதவியோடு புதிய கட்டிடங்கள் வந்தன. சேவையில் இருந்தபடியே படிக்கக்கூடிய தொலைக்கல்விப் பயிற்சி வந்தது. பிறகு ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. குடியுரிமைச் சிக்கலும் 1988, 2003 ஆண்டுச் சட்டங்களோடு படிப்படியாகத் தீர்ந்தது. இந்தக் காலத்தை விரிவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட ‘லேபரிங் டு லேர்ன்’ நூலைத் தேடி வாசிக்கலாம்.

அப்படி எடுக்கப்பட்டவர்களின் தகைமை குறைவு என்ற விமர்சனம் அப்போதே இருந்தது. க.பொ.த. சாதாரண தரம் மட்டும் சித்தியடைந்த ஒருவரை எப்படி ஆசிரியராக்கலாம் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஒன்றை எந்தச் சான்றிதழும் கொண்டுவந்திருக்காது. பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் வரவில்லை என்று அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றிருக்கும், அல்லது மழைக்கு லயத்துக் கூரை ஒழுகிக் கொப்பி நனைந்திருக்கும். வெளியாளுக்கு ‘அக்கறையில்லாத பெற்றோர்’ என்று தெரிவது இவர்களுக்குத் தீர்க்கக்கூடிய ஒரு சின்னப் பிரச்சினையாகத் தெரிந்தது. பிரச்சினை தீர்க்கக்கூடியது என்று தெரிவதுதானே நம்பிக்கையின் ஆரம்பம்? ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கும், “நம்ம லயத்துப் பொடியன் டீச்சராகிட்டான்” என்பது தன் பிள்ளையைப் பற்றிய கணக்கையே மாற்றும் செய்தி.

‘உதவியாளர்’ என்ற சொல்

2014–2015 காலத்தில் மூவாயிரம் அளவிலான இளைஞர் யுவதிகள் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டார்கள். பதவிப் பெயர்: ஆசிரியர் உதவியாளர். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பிறகு அது 10,000 ரூபாவானது. கொட்டகலை உள்ளிட்ட ஆசிரியர் கலாசாலைகளில் பயிற்சியை முடித்த பிறகே ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குவதாக ஏற்பாடு. அந்த உள்வாங்கலுக்காக அவர்கள் வீதிக்கு இறங்க வேண்டியும் வந்தது.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. இவர்கள் இல்லாவிட்டால் பல வகுப்புகள் ஆளில்லாமல் கிடந்திருக்கும். ஆனால் வகுப்பறைக்குள் அவர்கள் செய்தது முழு ஆசிரியரின் வேலை. பாடக்குறிப்பும் எழுதினார்கள், பரீட்சைத் தாளும் திருத்தினார்கள், தரம் 5 புலமைப்பரிசிலுக்கும் தயார்படுத்தினார்கள். ஆசிரியர் அறையிலும் சம்பளத் தாளிலும் மட்டும் அவர்கள் ‘உதவியாளர்’. உயர்தரம் முடித்த, இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு அரசாங்கமே இப்படி ஒரு பெயர் சூட்டும்போது, மூன்றாவது ஊற்று தலைகீழாக ஓடுகிறது. நம்பத்தகுந்த ஓர் அதிகாரம், “நீ இன்னும் முழு ஆசிரியர் இல்லை” என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறது. தோட்டத்து மரியாதை ஏணியில் நிலையான படி இல்லாத அந்தப் பழைய வாத்தியாரின் நிலைமை, நூறு வருடம் கழித்து, அரசாங்கக் கடிதத் தலைப்போடு திரும்பி வந்தது என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

அனிதா வூல்ஃபோக் ஹோய், ரோண்டா பர்க் ஸ்பெரோ இருவரும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். பயிற்சிக் காலத்தில் ஆசிரியர்களின் தன்னாற்றல் நம்பிக்கை உயர்ந்தது. உண்மையான வகுப்பறைக்குப் போன முதலாம் வருடத்தில் அது சரிந்தது. அந்த மாற்றம் அவர்களுக்குக் கிடைத்த ஆதரவோடு சம்பந்தப்பட்டிருந்தது. பயிற்சியும் ஆதரவும் கிடைத்த ஓர் ஊரிலேயே முதலாம் வருடம் இப்படி என்றால், பயிற்சிக்கு முதலே வகுப்பறைக்குள் தள்ளப்பட்டவர்களுக்கு அந்த வருடம் எப்படி இருந்திருக்கும்?

இரண்டு மறுப்புகள்

இதை வாசிக்கும் சிலர் கேட்பார்கள்: “அதே மண்டபத்தில், அதே சம்பளத்தில், நல்லா படிப்பிச்ச ஆசிரியர்கள் இருந்தாங்களே? அவங்களுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?”

இருந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒருவரைச் சொல்வார்கள். ஆனால் அந்த ஒருவரைக் காட்டி மற்ற ஒன்பது பேரைத் திட்டுவது சூழலைக் காப்பாற்றும் வேலை. ஒருவர் தன் ஆரோக்கியத்தையும் குடும்ப நேரத்தையும் கொடுத்துச் செய்ததை, ஒரு சாதாரண மனுசர் சாதாரண முயற்சியில் செய்யக்கூடியதாக மாற்றுவதுதான் பாடசாலை என்ற அமைப்பின் கடமை. தியாகிகளை எதிர்பார்த்து நடத்தப்படும் அமைப்பு, தியாகி ஓய்வு பெற்றதும் நின்றுவிடும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. நம்பிக்கை இருந்தால் போதுமா? பாடம் தெரியாத ஒருவருக்கு நம்பிக்கையை ஊட்டி என்ன பயன்? உண்மை. மலையகத்தில் உயர்தர விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறையை யாரும் கை தட்டித் தீர்க்க முடியாது. வெறும் வார்த்தையால் ஏற்றிவிட்ட நம்பிக்கை முதல் தோல்வியிலேயே கீழே வந்துவிடும். அதனால்தான் செய்து கண்ட வெற்றி மிக வலிய ஊற்று என்று சொல்லப்படுகிறது. அறிவும் பயிற்சியும் கொடுத்து, அதைப் பயன்படுத்தி வெற்றி காணக்கூடிய ஒரு வகுப்பறையையும் கொடுத்தால் நம்பிக்கை பின்னாலேயே வரும். பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு அதே ஒற்றை மண்டபத்துக்குத் திருப்பி அனுப்பினால் கற்றதும் போய்விடும்.

இப்போது என்ன செய்யலாம்?

நம்மில் பலர் இன்னும் சில வருடங்களில் ஆசிரியர் நியமனக் கடிதத்தோடு ஏதோ ஒரு மலைக்கு ஏறப்போகிறோம். கலைப்பீடப் பட்டதாரிக்கு இந்த நாட்டில் அதிகம் திறந்திருக்கும் கதவு அதுதான். ஆகவே இது எங்கள் சொந்தக் கேள்வியும்கூட.

சில விடயங்களுக்கு அமைச்சின் அனுமதி தேவையில்லை. ஒரு புதிய ஆசிரியரின் வகுப்பில் மூத்த ஆசிரியர் வாரத்துக்கு ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்க்கலாம், தன் வகுப்பைப் பார்க்கவும் அழைக்கலாம். பிழை பிடிக்கும் பார்வையாக இல்லாமல், கற்றுக்கொள்ளும் பார்வையாக அது இருக்க வேண்டும். தனி ஆசிரியர் பள்ளிக்கூடங்கள் அருகருகே இருந்தால் மாதம் ஒரு நாள் ஒன்றுகூடலாம். பழைய மாணவர்கள் தங்கள் ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் போய், “டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்ததால இங்க வந்திருக்கிறோம்” என்று சொல்லலாம். ஐந்தாம் வகுப்போடு பிள்ளையை விட்டுப் பிரியும் ஆசிரியருக்குத் தன் வேலையின் முடிவைப் பார்க்கும் வாய்ப்பு இன்றைக்கும் குறைவுதான்.

வேறு சில விடயங்களைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். தங்குமிடம் இல்லாத பாடசாலைக்கு நியமனம் கொடுப்பதை நிறுத்த வேண்டும். ஆசிரியருக்கு ஆசிரியர் என்ற பெயரையும் அதற்குரிய சம்பளத்தையும் முதல் நாளில் இருந்தே கொடுக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனையில் பேசிக் காரியம் சாதிக்கக்கூடிய அதிபர்களைக் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு அனுப்பி, அவர்களுக்கு அங்கே நிலைத்து நிற்க ஊக்கம் கொடுக்க வேண்டும்.

அடுத்த முறை ஆசிரியர் அறையில் யாராவது “இந்தப் பிள்ளைகளுக்கு ஏறாது” என்று சொன்னால், சண்டைக்குப் போகாமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம்: “டீச்சர், உங்களுக்கு இங்க என்ன இருந்தா ஏறும்?” பதில்களை எழுதி அனுப்புங்கள். தோட்டத்தில் படிப்பித்த, படிப்பிக்கிற உங்கள் அம்மா, அப்பா, மாமா, பெரியம்மா யாராக இருந்தாலும் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். அறிக்கைகளில் தோட்டத்து ஆசிரியர்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். அவர்களுடைய குரலில் இந்த வரலாற்றை எழுதும் வேலை இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.